குதிரை வாங்குவோரே, கடிவாளத்தையும் பாருங்கள்!

"பெரியப்பா, ஒரு குதிரை வாங்கப் போகிறேன்!"

என் உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படிச் சொன்னான். ரிஷிவந்தியம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து இருந்தோம்.

"குதிரையா? கொள்ளுக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தபடியே செல்போனை நீட்டினான். அதில் ஒரு படம். மஞ்சள் நிறக் கார். முகப்பில் ஓடும் குதிரையின் உருவம்! போர்டு கம்பெனியின் 'மஸ்டாங்' அது. அந்தப் பெயருக்கே, அமெரிக்கச் சமவெளியில் திரியும் காட்டுக் குதிரை என்றுதான் அர்த்தம்.

பையன் 6 ஆண்டுகள் சிங்கப்பூரில் வெல்டராக இருந்தவன். வெயிலில் நின்று சம்பாதித்த பணம் கையில் இருக்கிறது. கூட்டுச் சேர 2 நண்பர்கள் இருக்கிறார்கள். மீதிப் பணத்துக்கு அப்பாவின் கரும்புக் காணியை அடமானம் வைக்கலாம் என்று யோசனை.

"புது வண்டி இல்லை, பெரியப்பா. ஒருவர் ஓட்டியது. சாதாரணமாக 400 குதிரைச் சக்தி. விற்கிறவர் எஞ்சினில் வேலை செய்து 500-க்கு மேல் ஏற்றி இருக்கிறாராம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடும்" என்றான்.

"எத்தனை குதிரை என்று சொல்லிவிட்டாய். கடிவாளம் எப்படி?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை.

"பிரேக் எப்படி இருக்கிறது? டயர் எந்த வருஷத்தது? ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறது?"

பையன் தலையைச் சொறிந்தான். "அதை எல்லாம் கேட்கவில்லையே!" என்றான.

நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். 2014-ம் ஆண்டில் நானும் இதைக் கேட்கவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாட்டியின் புல்லுக்கட்டு

என் அண்ணன் மகனுக்கு அப்போது 22 வயது. அவனுக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் மீது மோகம். இந்த வண்டி நம் நாட்டில் 1985-ல் வந்தது. 1996-ல் உற்பத்தி நின்றது. 98 சி.சி. எஞ்சின். 11 குதிரைச் சக்தி. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் வண்டியின் எடையும் ஏறக்குறைய 100 கிலோதான். கைப்பிடியைத் திருகினால் ஈட்டி மாதிரி பாயும். உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகள் ஆகியும், வாலிபர்கள் அதைத் தேடித் தேடி வாங்குவதற்கு அதுதான் காரணம்.

அவன் பார்த்து வந்த வண்டி 'வேலை செய்த' வண்டி. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி இருந்தார்கள். ஹெட்டைச் சீவி இருந்தார்கள். சைலன்சரை மாற்றி இருந்தார்கள். அது தெருமுனையில் வந்தாலே ஊருக்கே கேட்கும்!

"சித்தப்பா, நீங்கள் மனசு வைத்தால்தான் நடக்கும்" என்றான். நான் மனசு வைத்தேன். 35 ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். கொடுத்தவன் நான்தான், வேறு யாரும் அல்ல.

வண்டி வந்து 19-வது நாள். மாலை நேரம். ஊருக்கு வெளியே ஒரு வளைவு. சாலையின் ஒரு பக்கத்தில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டு இருந்தார்கள். நம் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் தார்ச் சாலைதானே களம்! வண்டிச் சக்கரம் ஏறி ஏறி உளுந்து உதிரும். மறு பக்கத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பாட்டி நடந்து வந்துகொண்டு இருந்தாள்.

பையன் வளைவில் திரும்பினான். பாட்டியைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான். எஞ்சினுக்குப் புது வேகம் கொடுத்தவர்கள், பிரேக்கை அப்படியே விட்டு இருந்தார்கள். அது பழைய டிரம் பிரேக். உள்ளே இருந்த கட்டை தேய்ந்து போயிருந்தது. காய்ந்த செடியின் மேல் சக்கரம் வழுக்கியது.

அண்ணன் மகனுக்குக் கால் முறிந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் 8 மாதத்தில் எழுந்து நடந்தான். ஆனால் பாட்டிக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அதன் பிறகு அவள் புல் அறுக்கப் போகவே இல்லை. 2 மாடுகளையும் விற்றுவிட்டாள். சாகும் வரையில் கோல் ஊன்றித்தான் நடந்தாள்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். வண்டியின் ஆர்.சி. எங்கள் பேரில் இல்லை. எங்களுக்கு விற்றவர் பேரிலும் இல்லை. அவருக்கு விற்றவர் பேரிலும் இல்லை! வெளியூரில் இருந்த ஒரு வாத்தியார் பேரில் இருந்தது. அவர் அதை விற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நோட்டீசு அவர் வீட்டுக்குப் போயிற்று! இன்சூரன்சும் காலாவதி ஆகி இருந்தது. அண்ணி தன் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கொண்டு பாட்டியின் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினோம்.

வேகத்தை வாங்கியவர்கள் நாங்கள். விலை கொடுத்தவள், எந்தப் பந்தயத்தையும் பார்த்திராத ஒரு கிழவி!

அமெரிக்காவில் பிறந்த ஆசை

இந்த 'முறுக்கேற்றிய வண்டி' ஆசை எங்கே பிறந்தது? அமெரிக்காவில்தான். அங்கே இதற்கு 'மசில் கார்' என்று பெயர். நாம் 'பயில்வான் கார்' என்று சொல்லலாம்.

1964-ம் ஆண்டில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஒரு பிரிவான பாண்டியாக்கில் ஒரு தந்திரம் செய்தார்கள். நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எஞ்சினை வைக்கக் கூடாது என்பது கம்பெனியின் கட்டுப்பாடு. பாண்டியாக்கின் தலைமை என்ஜினீயர் ஜான் டெலோரியனும் அவருடைய தோழர்களும் அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றி வளைத்துத் தாண்டினார்கள். 'டெம்பஸ்ட்' என்ற நடுத்தரக் காருக்கு, 'விருப்பப்பட்டவர்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்' என்ற பெயரில், ஏறக்குறைய 6.4 லிட்டர் எஞ்சினைக் கொடுத்தார்கள். 325 குதிரைச் சக்தி! அதற்குக் கூடுதல் விலை ஏறக்குறைய 300 டாலர்தான். 'ஜி.டி.ஓ.' என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

அதே 1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்டு மஸ்டாங் அறிமுகம் ஆனது. ஒரே ஆண்டில் 4 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது!

அந்தச் சமயத்தில் நம் ஊர்ச் சாலையில் ஓடியது அம்பாசடர். அதன் சக்தி ஏறக்குறைய 50 குதிரைதான். அதில் 8 பேர் ஏறி, மேலே மூட்டையும் கட்டி, திருவண்ணாமலை தீபத்துக்குப் போய்த் திரும்புவார்கள்!

அமெரிக்காவில் வேகம் வளர்ந்தது. கடிவாளம் வளர்ந்ததா? இல்லை! 325 குதிரைச் சக்தி கொண்ட அந்த முதல் ஜி.டி.ஓ.வுக்கு 4 சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். நேராக ஓடுவதில் அது சிங்கம். நிற்பதிலோ நொண்டி!

விபத்துகள் பெருகின. இளைஞர்கள் இப்படிப்பட்ட கார் வாங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதிகப் பணம் கேட்டன. 1970-ல் புகைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசையில் நின்றன. 1974-ம் ஆண்டோடு பழைய ஜி.டி.ஓ. முடிந்தது. அந்த ஆண்டு மாடல் மஸ்டாங், சிறிய உடலோடும் சிறிய எஞ்சினோடும் வந்தது. பயில்வான் காரின் முதல் ஆட்டம் 10 ஆண்டுகளில் அடங்கிவிட்டது!

நம் நாட்டுக் கதையும் அதுதான். ஒரு காலத்தில் மிராசுதார் வீடுகளில் செவர்லெட், பிளிமத், டாட்ஜ் என்று கப்பல் மாதிரிக் கார்கள் நின்றன. பிறகு என்ன ஆயிற்று? பெட்ரோல் செலவு தாங்கவில்லை. சாமான் கிடைக்கவில்லை. சிலர் டீசல் எஞ்சினை மாற்றி ஓட்டினார்கள். பலருடைய கார் கோழி அடையும் இடம் ஆனது! வாங்குவது ஒரு நாள் செலவு. வைத்துக்கொள்வது தினச் செலவு.

2 மடங்கு வேகம், 4 மடங்கு தூரம்!

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. இது ஒவ்வொரு வாலிபரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். நல்ல சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போனால்? 28 மீட்டர் என்று சொல்லிவிடாதீர்கள். 55 மீட்டர் ஆகும்! வேகம் 2 மடங்கு ஆனால் நிற்கும் தூரம் 4 மடங்கு ஆகிறது.

இது பிரேக் பிடித்த பிறகு உள்ள கணக்கு. ஆளைப் பார்த்து, மூளை சொல்லி, கால் அசைய ஒரு வினாடி ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியில் வண்டி 28 மீட்டர் போய்விடும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல்! நம் கிராமச் சாலையில் 80 மீட்டருக்குள் என்ன என்ன இருக்கும்? ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். ஒரு வேகத்தடை இருக்கும். ஆட்டு மந்தை இருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர் பின் விளக்கு இல்லாமல் நிற்கும்!

அந்த வேகம் முழுவதும் எங்கே போகிறது? பிரேக்கில் சூடாக மாறுகிறது. டிரம் பிரேக்கில் அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறுவது இல்லை. சூடு ஏற ஏறப் பிடிப்புக் குறையும். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கி வந்தவர்களுக்கு இது தெரியும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பாதி வழியில் கருகிய வாசனை வரும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

எங்கள் ஊர்க் கோயிலில் குடிகொண்டவர் அர்த்தநாரீசுவரர். பாதி உடம்பு சிவன். பாதி உடம்பு பார்வதி. ஒரு பாதியை மட்டும் வளர்த்தால் அது அர்த்தநாரி ஆகாது. வண்டியும் அப்படித்தான். பாதி ஓட்டம், பாதி நிறுத்தம்.

எஞ்சினில் கைவைத்தால் என்ன ஆகும்?

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா? அவன் ஏன் 400 குதிரையோடு நிறுத்தினான்?" என்று பையனைக் கேட்டேன்.

கம்பெனிக்காரன் ஒரு எஞ்சினை வெயிலிலும் பனியிலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறான். இந்தப் பெட்ரோலுக்கு இந்தச் சூடு தாங்கும், இந்தச் சக்திக்கு இந்த கியர் தாங்கும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் மிச்சம் வைத்து விற்கிறான். அந்த மிச்சம்தான் வண்டியின் ஆயுள்.

'வேலை' செய்கிறவர்கள் அந்த மிச்சத்தைத்தான் எடுத்துச் செலவு செய்கிறார்கள். இக்காலக் காரில் எஞ்சினை ஆட்டி வைப்பது ஒரு சிறு கம்ப்யூட்டர். அதில் உள்ள கணக்கை மாற்றி எழுதினால் சக்தி கூடும். சூடும் கூடும். கிளச்சு, கியர், பின் அச்சு எல்லாவற்றுக்கும் பாரம் கூடும்.

ஆர்.எக்ஸ். 100 போன்ற இரட்டை வீச்சு எஞ்சினில் இன்னும் ஆபத்து. ஹெட்டை அதிகம் சீவினால் எஞ்சின் 'நாக்' அடிக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். எண்ணெயும் பெட்ரோலும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வேகமாகப் போகும்போது பிடித்தால் பின் சக்கரமே நின்றுவிடும். ஆள் தூக்கி எறியப்படுவார்!

கைதேர்ந்தவர்கள் செய்தால் இது ஒரு பெரிய கலை. மறுக்கவில்லை. அவர்கள் எஞ்சினில் 10 ரூபாய் செலவு செய்தால், பிரேக்கிலும் டயரிலும் 10 ரூபாய் செலவு செய்வார்கள். ஆனால் விற்பனைக்கு வருகிற வண்டிகளில் எத்தனை அப்படி இருக்கிறது? பிரேக்குக்குச் செய்த செலவை யாரும் சத்தமாகக் கேட்க முடியாது. ஆகையால் செலவு எல்லாம் சைலன்சருக்குப் போகிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக, வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-ம் ஆண்டு ஜனவரியில், கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் கடுமை ஆனது. தன் வண்டியைச் சட்ட விரோதமாக மாற்றி அமைத்த சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில்; அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம்; அல்லது இரண்டும்!

"மாற்றியவன் நான் இல்லையே! முன்னால் வைத்திருந்தவன்தானே?" என்று கேட்பீர்கள். சாலையில் உங்களை நிறுத்துகிற அதிகாரியிடம் அந்தக் கதை எடுபடாது. வண்டி உங்கள் கையில் இருக்கிறது.

பேர் மாற்றுவதும் முக்கியம். விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பேருக்கு மாற்ற வேண்டும். பாரம் 29, பாரம் 30 என்ற இரண்டு தாள்கள், அவ்வளவுதான். இதைச் செய்யாததால் எத்தனை குடும்பங்கள் அலைகின்றன! 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. வண்டி எத்தனை கை மாறி இருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர். அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று கூறியது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்த வாத்தியார்தான் நினைவுக்கு வந்தார்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்ற யோசனையும் பலிக்காது. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த காரை வாடகைக்கு விட முடியாது. அதற்குப் பர்மிட் வேண்டும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். எஞ்சினில் செய்த வேலையை மறைத்து வைத்தாலும் கதை அதுதான்.

வாங்கப் போகிறவர் கவனிக்க!

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையா? சரி, போய்ப் பாருங்கள். ஆனால் இப்படிப் பாருங்கள்:

தனியாகப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போங்கள். விற்பவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்.

நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன்" என்று சொல்லித் திரும்பி விடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் முறை ஸ்டார்ட் ஆகும்போது நீலப் புகை வந்தால், எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். '2316' என்று இருந்தால், 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டை தேயாமல் பளபளப்பாக இருக்கலாம். ஆனால் ரப்பர் கிழடு ஆகிவிட்டால் பிடிக்காது. மழையில் வழுக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தது. அதில் மூழ்கிய கார்கள் எத்தனையோ! கழுவித் துடைத்து, மெருகு போட்டு, விற்பனைக்கு வந்துவிடும். பெல்ட்டின் அடியில் உள்ள கறையை யாரும் கழுவுவது இல்லை.

எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். வெளி மாநில வண்டியானால் தடையில்லாச் சான்றைக் கேளுங்கள்.

முக்கியமாக, கழற்றிய பழைய சாமான் எங்கே என்று கேளுங்கள். நல்ல சொந்தக்காரர், கம்பெனிச் சைலன்சரையும் மற்றதையும் பத்திரமாக வைத்திருப்பார். வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுப்பார். "அதெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். தன் வண்டியின் பாதியை எடைக்குப் போட்டவர், மீதிப் பாதியை எப்படிப் பராமரித்து இருப்பார்?

இன்னொன்று. மஸ்டாங் 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஏறக்குறைய 65 லட்ச ரூபாய். இங்கே செய்தது அல்ல; வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது. போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021-ல் அறிவித்துவிட்டது. இப்படிப்பட்ட காருக்கு ஒரு பிரேக் தகடு வேண்டுமானாலும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கிடைக்காது. வாங்குகிற விலையோடு, வைத்துக்கொள்கிற விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆசை குற்றமா?

"இந்தக் கிழவனுக்கு இளைஞர்களின் ஆசை பிடிக்காது" என்று யாராவது சொல்லலாம். அது சரி அல்ல. எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. ரோட்டோரத்தில் நின்று, பெரிய காரின் முகப்பில் மின்னும் நிக்கலைத் தொட்டுப் பார்த்தவன்தான் நான்!

சிங்கப்பூரில் 6 வருஷம் நெருப்புப் பொறியில் வேலை செய்தவனுக்கு, ஊரார் திரும்பிப் பார்க்க ஒரு கார் வேண்டும் என்று தோன்றாதா? தோன்றும். அதில் தப்பு இல்லை. வேகமும் தப்பு அல்ல. வேகத்துக்கு உரிய இடம் இருக்கிறது.

சென்னை மோட்டார் பந்தயக்காரர்கள் 1950-களிலேயே சோழவரத்தில், யுத்த கால விமான ஓடுபாதையில், பந்தயம் நடத்தினார்கள். பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைந்தது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலும் 2003 முதல் ஒரு பாதை இருக்கிறது. கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

அங்கே ஓடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஹெல்மெட் போடுகிறார்கள். வண்டியைச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். எதிரே வண்டி வராது. உளுந்து காயாது. ஆஸ்பத்திரி வண்டி தயாராக நிற்கும். எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். உண்மையான வேகக்காரன், நிறுத்தத் தெரிந்தவன்!

தியாகதுர்கம் பக்கத்தில் ஓடும் சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை, பந்தயப் பாதை அல்ல. அதன் ஓரத்தில் பெண்கள் பஸ்சுக்காக நிற்கிறார்கள். பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே போகிறார்கள். அவர்கள் யாரும் உங்கள் பந்தயத்துக்குச் சம்மதம் கொடுக்கவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் வண்டி கேட்டால் "விலை என்ன?" என்று மட்டும் கேட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். கூடவே போய் வண்டியைப் பாருங்கள். பிரேக்கை நீங்களே மிதித்துப் பாருங்கள். பேர் மாற்றிய பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

பையன் என்ன செய்தான்?

டீக்கடையில் பேசிய பிறகு, பையன் ஒரு மெக்கானிக்கோடு சென்னைக்குப் போனான். மஞ்சள் காரை நேரில் பார்த்தான். "அழகு என்றால் அழகு, பெரியப்பா! கண்ணை எடுக்க முடியவில்லை" என்று போனில் சொன்னான்.

டயர் எண்ணைப் படித்தான். கார் வந்த நாளில் போட்ட அதே டயர். பழைய சாமான் எங்கே என்று கேட்டான். "அது எதற்கு?" என்றார் விற்பவர். ஆர்.சி.யைக் கேட்டான். அது வேறு ஒருவர் பேரில் இருந்தது. "நாளைக்கே வேறு ஆள் வாங்கிவிடுவான்" என்று விற்பவர் அவசரப்படுத்தினார்.

பையன் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். அந்தக் கார் நம் தெருவில் நின்றால் நானும் ஒரு முறை உட்கார்ந்து பார்த்திருப்பேன்!

ஆனால் கரும்புக் காணி அடமானம் போகவில்லை. அவன் அப்பா மறுநாள் காலையில் வழக்கம் போல மடையைத் திறந்துவிடப் போனார். வழியில் அந்த வளைவு இருக்கிறது. அங்கே இப்போதும் உளுந்து காய்கிறது. புல்லுக்கட்டோடு பெண்கள் நடக்கிறார்கள்.

ஆகவே, வாலிபர்களே! வண்டி வாங்கப் போனால், "எவ்வளவு வேகம் போகும்?" என்று கடைசியாகக் கேளுங்கள். "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று முதலில் கேளுங்கள்!